காப்பித் தண்ணீருக்கு ஒரு மஞ்சள் நூல்

நான் வேலை பார்த்த காப்பித் தோட்டத்தில் இப்போது மேற்பார்வை பார்க்கும் கண்டக்டர் போன மாதம் எனக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். தண்ணீர்ச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு எண்ணெய் இன்ஜின் வைக்கப் போகிறார்களாம். இடம் போதவில்லையாம். பல்ப்பர் கொட்டகைக்குக் கீழே இருக்கும் மூன்று குழிகளை எதற்கு வெட்டினார்கள் என்று அங்கே யாருக்கும் சரியாகத் தெரியவில்லை, மூடிவிடலாமா என்று கேட்டிருந்தார். மூடக்கூடாது என்று அன்றைக்கே ஒரு கார்டில் எழுதிப் போட்டுவிட்டேன். ஏன் மூடக்கூடாது என்பதை எழுத கார்டில் இடமில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் சூசை. பண்ணைப்புரத்துப் பக்கம் ஒரு சின்ன வேதக்கார ஊரில் பிறந்தவன். சாமியார் நடத்திய பள்ளிக்கூடத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். மழை பொய்த்த ஒரு வருஷம், பெரியகுளத்துக்கு மேலே மலைத்தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பழம் பறித்தேன், கூடை சுமந்தேன், பல்ப்பருக்கு எண்ணெய் விட்டேன். எழுதத் தெரிந்தவன் என்பதால் மூன்றாம் வருஷம் பல்ப்பர் கொட்டகைக்கு மேஸ்திரியாகப் போட்டார்கள். வேலை பழகியதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

காப்பிப் பழத்தை நேரில் பார்க்காதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் கொஞ்சம் விவரம் சொல்லிவிடுகிறேன். பழம் சிவந்ததும் பறித்து, அன்றைக்கே பல்ப்பரில் போட வேண்டும். பல்ப்பர் என்பது செப்புத் தகடு சுற்றிய ஓர் உருளை. தகடு முழுக்க நகக்கண் அளவுக்குப் புடைப்புகள் இருக்கும். தண்ணீரோடு பழத்தை விட்டால் தோல் ஒரு பக்கம் போகும், கொட்டை மறுபக்கம் விழும். விழுந்த கொட்டையில் ஒரு கொழகொழப்பு ஒட்டியிருக்கும். அது விடுவதற்காகத் தொட்டியில் ஊறப்போட்டு, கையில் அள்ளித் தேய்த்தால் சரளைக்கல் மாதிரி நறநறவென்று இருக்கும் பதத்தில், நல்ல தண்ணீர் விட்டு, இறங்கி மிதித்து அலசுவோம். இத்தனைக்கும் ஓடும் தண்ணீர் கொஞ்சமல்ல. வெளியே வரும்போது அது செம்பழுப்பாக இருக்கும், வெல்லப்பாகு வாசனை அடிக்கும். அந்த வாசனையை நம்பக்கூடாது. மறுநாள் அது புளித்த கூழ். மூன்றாம் நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பக்கத்தில் நிற்க முடியும்.

நான் போன புதிதில் அந்தத் தண்ணீரை அப்படியே ஓடையில் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடை மலையிலிருந்து இறங்கிக் கல்லோடைப்பட்டி என்ற ஊரைத் தொட்டுக்கொண்டு போகும். கார்த்திகை முதல் தை வரை எங்களுக்குப் பழம் வரும் காலம். அந்த மூன்று மாதமும் அந்த ஊர் மாடுகள் ஓடைக்கு வந்து, முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் என்று சொல்வார்கள். ஊர்க்காரர்கள் இரண்டு தடவை மேலே வந்து முறையிட்டார்கள். துரை வந்தவர்களை நிற்க வைத்துக் கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்.

இதில் அக்கறை எடுத்தவர் எங்கள் கண்டக்டர் ஞானமுத்து ஐயா. தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடி அவர்தான். திண்டுக்கல் பக்கத்துக்காரர், ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எப்போதும் கக்கத்தில் ஒரு பலகைச் சிலேட்டு இருக்கும். நடுவில் ஒரு கோடு இழுத்து, இடப்பக்கம் 'பார்த்தது' என்றும் வலப்பக்கம் 'நினைத்தது' என்றும் எழுதியிருப்பார். யார் என்ன சொல்லிக்கொண்டு போனாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்.

"பாத்ததா, நெனைச்சதா?"

சக்கரம் இன்றைக்கு மெதுவாகச் சுற்றுகிறது ஐயா என்று சொன்னால், எண்ணிப் பார்த்தாயா என்பார். எண்ணவில்லை என்றால் வலப்பக்கம் எழுதுவார். எழுதிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். திட்டமாட்டார். நாமாகவே போய் எண்ணிக்கொண்டு வருவோம். அதுவரை எதையும் அழிக்கமாட்டார். சில நாள் என் பெயரில் வலப்பக்கம் ஐந்து வரி இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு சோறு இறங்காது.

தண்ணீரைப் பற்றி அவர் பார்த்ததை எல்லாம் எழுதினார். பகல் முழுவதும் ஓடைக்கரையோடு நடந்து எங்கே நாறுகிறது, எங்கே குறைகிறது என்று குறித்தார். தேங்கி நிற்கும் மடுவில் நாற்றம் அதிகம். பாறையில் அடித்து விழுந்து ஓடும் இடத்துக்குக் கீழே குறைவு. ஏன் என்று எழுதவில்லை. பிறகு கொட்டகைக்குக் கீழே ஒரு பெரிய குழி வெட்டச் சொன்னார். தண்ணீர் அதில் ஒரு நாள் நின்று, தோலும் சக்கையும் அடியில் தங்கி, மேல் தண்ணீர் ஓடைக்குப் போகட்டும் என்பது ஏற்பாடு. சக்கையை அள்ளிச் செடிக்கு உரமாகப் போட்டோம். ஆனாலும் தண்ணீர் புளிப்பாகவே போனது. நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கிறது என்றார். புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பு போட்டுப் பார்க்கலாம் என்று பெரியகுளத்திலிருந்து மாட்டு வண்டியில் அடிவாரம் வரைக்கும், அங்கிருந்து கழுதையில் மேலேயும் சுண்ணாம்பு வரவழைத்தார். தினமும் அரைக் கூடை. நீற்றிப் பால் போலக் கரைத்து, கொஞ்சம் ஊற்றி, கலக்கி, நாக்கில் வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஊற்றி. அரை நாள் பிடிக்கும் வேலை.

பெரியாற்று அணை வேலை நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒன்று அது. பழம் வந்து குவிந்துகொண்டிருந்த நேரத்தில் கண்டக்டர் ஐயாவுக்குக் குளிர்சுரம் வந்துவிட்டது. டோலியில் வைத்துப் பெரியகுளத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கொட்டகை முழுவதும் என் பொறுப்பில் வந்தது.

இரண்டு நாள் சொன்னபடி செய்தேன். மூன்றாம் நாள் பல்ப்பருக்கு முன்னால் பழம் ஆள் உயரத்துக்குக் கிடந்தது. குழி தளும்பியது. கொஞ்சம் ஊற்று, நாக்கில் வை, மறுபடி கொஞ்சம் ஊற்று என்று நின்றுகொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. அதோடு ஒரு யோசனையும் வந்தது. அரைக் கூடைக்கே தண்ணீர் இவ்வளவு தெளிகிறதே, நிறையப் போட்டால் எப்படித் தெளியும் என்று பார்க்க ஆசை. இருந்த ஆறு கூடைச் சுண்ணாம்பையும் கரைத்துக் குழியில் கொட்டிக் கலக்கச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் கசடெல்லாம் அடியில் இறங்கிவிட்டது. மேல் தண்ணீரில் குனிந்தால் என் முகம் தெரிந்தது. அவ்வளவு தெளிந்த தண்ணீர் அந்தக் கொட்டகையிலிருந்து அதற்கு முன் போனதே இல்லை. நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. பார்க்கவே அழகாக இருக்கும்போது நாக்கு எதற்கு என்று தோன்றிவிட்டது. ஐயா வந்ததும் சொல்ல வேண்டும் என்ற சந்தோஷத்தோடு மடையைத் திறந்துவிட்டேன்.

அதற்கு மறுநாள் விட்டு மறுநாள் உச்சிப்பொழுதில் ஓர் அம்மாள் மலையேறி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கல்லோடைப்பட்டியிலிருந்து தனியாக வந்திருந்தார். பெயர் பேச்சியம்மாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒரு கை கழுத்தடியில் சேலையை இறுக்கிப் பிடித்திருந்தது. மூச்சு வாங்கி முடிப்பதற்குள் கேட்டார்.

"தம்பி, இந்தத் தண்ணியில என்னத்தப் போட்டீக?"

ஏன் என்று கேட்டேன். கையை எடுத்தார். தாலிக்கயிறு வெளியே தெரிந்தது. மஞ்சள் பூசிய கயிறு. கீழ்ப்பாதி ரத்தத்தில் நனைத்தது போலச் சிவந்து கிடந்தது.

நேற்றுக் காலை ஓடையில் குளித்துக் கரையேறிப் பார்த்தால் இப்படி ஆகியிருக்கிறது என்றார். அவர் புருஷன் பெரியாற்று அணைக்குக் கல் சுமக்கப் போய் நான்கு மாதம். ஒரு சேதியும் இல்லை. அங்கே காய்ச்சலில் ஆட்கள் சாகிறார்கள் என்று கீழே சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். கயிற்றைப் பார்த்த பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்களாம். அன்றைக்கே ஓடை போய்ச் சேரும் ஊர்க் குளத்தில் மீன் எல்லாம் வெள்ளையாக மிதந்திருக்கிறது. ஊரில் கருப்பசாமிக்குக் குறை வைத்துவிட்டோம் என்று பேச்சு. இந்த அம்மாளுக்கு மட்டும் ஒன்று தோன்றியிருக்கிறது. மீனும் கயிறும் ஒரே நாளில், ஒரே தண்ணீரில். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வந்துவிட்டார்.

எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கல்யாணத்திலும் ஆரத்தி சுற்றுவார்கள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவக்கும் என்பது யாருக்குத்தான் தெரியாது? அந்த அம்மாளுக்கும் தெரியும். ஆனால் ஓடையில் சுண்ணாம்பு வரும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

ஒன்றும் தெரியாது என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். சொல்லியிருந்தால் மீன் செத்தது கருப்பசாமியின் பெயரில் போயிருக்கும், என் வேலையும் தப்பியிருக்கும். இதை நான் யோசிக்கவில்லை என்றால் பொய். ஆனால் அந்தக் கை மறுபடியும் கழுத்துக்குப் போய்ச் சேலையை இழுத்து மூடியது. இவர் இதே நினைப்போடு மலையிறங்கிப் போய், அணையிலிருந்து ஆள் வரும்வரை ஒவ்வொரு நாளும் அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அக்கா, அது என் சுண்ணாம்பு" என்றேன்.

அவர் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார். அதனால் சாக்கிலிருந்து ஒரு நூலை உருவி, சமையல் கொட்டகையிலிருந்து மஞ்சள் வாங்கித் தேய்த்து, சுண்ணாம்புக் கூடையைக் கழுவிய தண்ணீரில் முக்கினேன். சிவந்தது. அது அவருக்குத் தெரிந்ததுதான். அடுத்தது எனக்கே தெரியாது, கை போன போக்கில் செய்தேன். தொட்டியிலிருந்து வந்துகொண்டிருந்த புளித்த காப்பித் தண்ணீரை ஒரு செம்பில் பிடித்து, சிவந்த நூலை அதில் விட்டேன். விட்ட மாத்திரத்தில் மஞ்சளாகிவிட்டது.

இரண்டு பேரும் குனிந்து செம்புக்குள் பார்த்துக்கொண்டே இருந்தோம். மறுபடி சுண்ணாம்பு, சிவப்பு. மறுபடி செம்பு, மஞ்சள். அவர் செம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். தாலிக்கயிற்றை அதில் நனைத்திருக்க வேண்டும். நெடுநேரம் திரும்பவில்லை. தோள் குலுங்கியது. நான் போய்ச் சக்கரத்தைப் பார்ப்பது போல நின்றுகொண்டேன்.

திரும்பியபோது முகத்தைத் துடைத்திருந்தார். கயிறு பளிச்சென்று மஞ்சளாக இருந்தது.

"அப்ப மீனு செத்ததும் உன்னாலதான?"

"ஆமாக்கா."

"இத எங்க ஊர்ல வந்து சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டாக."

நான்கு நாள் கழித்துக் கண்டக்டர் ஐயா வந்தார், பாதி உடம்பாக. நடந்ததைச் சொன்னேன். சிலேட்டை எடுத்தார். எத்தனை கூடை, எந்த நேரம், யார் கலக்கியது, எவ்வளவு நேரம் நின்றது, மடையை எத்தனை சாண் திறந்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு இடப்பக்கம் எழுதினார். நாக்கில் வைத்துப் பார்த்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். அதையும் எழுதினார். மீன் செத்தது என்று சொன்னதும் வழக்கமான கேள்வி வந்தது. அந்த அக்கா சொன்னார், நான் பார்க்கவில்லை என்றேன்.

"அப்ப வா, போயிப் பாப்போம்" என்று எழுந்துவிட்டார். சுரம் விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அரை நாள் இறக்கம். வழியில் ஏழெட்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தார்.

குளத்துக்கரையில் மீன் காய்ந்து ஒட்டிக் கிடந்தது. கெண்டை, விரால், கைவிரல் நீளக் குஞ்சுகள். அவர் குனிந்து ஒவ்வொரு வகையாகப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு என்னைக் கேட்காமலே இடப்பக்கம் எழுதினார்.

ஊர் கூடியது. என்ன நடந்தது என்பதை நான் நின்றுகொண்டு சொன்னேன். சொல்லி முடித்ததும் கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது, இரண்டு இளவட்டங்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். ஊர் நாட்டாமை அவர்களை உட்காரச் சொன்னார். இத்தனை வருஷமாகத் தண்ணீர் கெட்டுப்போகிறது என்று நாங்கள்தான் மேலே ஏறி வந்தோம், மேலேயிருந்து ஒருவர் இறங்கி வந்தது இதுதான் முதல் தடவை என்றார். பிறகு கண்டக்டர் ஐயாவைப் பார்த்து, இனிமேல் இப்படி ஆகாது என்பதற்கு என்ன உறுதி என்று கேட்டார். ஐயா, உறுதி ஒன்றும் இல்லை என்றே சொன்னார்.

பேச்சியம்மாள் பெண்கள் பக்கத்திலிருந்து பேசினார். மஞ்சள் நூலும் சிவப்பு நூலும் போதும், தண்ணீர் மடையை விட்டு வரும் முன் இரண்டையும் முக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று, செம்புக்குள் பார்த்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் விளக்கினார். கடைசியாகச் சொன்னார்:

"நூல நான் பிடிக்கிறேன். மடைப்பலகை எங்கையில இருக்கட்டும்."

கண்டக்டர் ஐயா சரி என்று சொல்லிவிட்டார். துரையைக் கேட்கவில்லை. ஏறி வரும்போது, துரையிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். மடைக்கு ஓர் ஆள் போட்டிருக்கிறேன் என்று சொல்வேன், அது உண்மைதானே என்றார்.

அப்படித்தான் பேச்சியம்மாள் ஒவ்வொரு வருஷமும் பழக்காலம் முழுக்க எங்கள் கொட்டகையில் இருந்தார், பறிக்கிற பெண்களோடு லயத்தில் தங்கிக்கொண்டு. முறை இதுதான். மஞ்சள் நூலை முக்கினால் சிவக்கக் கூடாது, சிவந்தால் சுண்ணாம்பு அதிகம். சிவந்த நூலை முக்கினால் உடனே மஞ்சளாகக் கூடாது, உடனே ஆனால் இன்னும் புளிப்பு. நல்ல தண்ணீரிலும் சிவப்பு நூல் கொஞ்ச நேரத்தில் வெளுக்கத்தான் செய்யும். அதனால் முக்கிவிட்டு இருபது எண்ணுவார். இருபதுக்குள் மஞ்சளானால் பலகை மூடியே இருக்கும்.

முதல் வாரமே எங்களுக்குத் திண்டாட்டம். நூல் சரியில்லை என்று அவர் பலகையைத் திறக்க மறுத்ததில் தண்ணீர் மூன்று நாள் குழியிலேயே நின்றது. பக்கத்தில் அவசரமாக இன்னொரு குழி வெட்டி வரும் தண்ணீரை அதில் திருப்பினோம். மூன்றாம் நாள் காலையில் பழைய குழியைப் பார்த்தால் மேலே கனமாக ஓர் ஆடை. காய்ச்சிய பால் ஆடை மாதிரி அல்ல, அடை மாதிரி. கம்பால் குத்தினால் தூக்கலாம். அடியில் தண்ணீர் தெளிந்து நின்றது. அதுவரை நாங்கள் சுண்ணாம்பு போட்டதெல்லாம் அந்தக் கொழகொழப்போடுதான் மல்லுக்கட்டியிருக்கிறது. முழுக்கப் புளிக்க விடாமல் புளிப்பை முறிக்கப் பார்த்திருக்கிறோம். முழுக்கப் புளித்தால் கொழகொழப்பு தானாகத் திரண்டு மேலே வந்துவிடுகிறது. அதை அள்ளி எறிந்துவிட்டு, கீழே உள்ள தண்ணீரை மூன்றாவது குழிக்கு விட்டால் கால் கூடைச் சுண்ணாம்பு போதும். மூன்று குழி வந்த கதை இதுதான். இரண்டு குழி மாற்றி மாற்றிப் புளிப்பதற்கு, மூன்றாவது சுண்ணாம்புக்கு. அதற்குக் கீழே கல்லை அடுக்கிப் படி படியாகத் தண்ணீர் விழும்படி செய்து, நாணல் முளைத்த சரிவில் பரத்திவிட்டோம்.

கல்லில் விழுந்தால் தண்ணீர் ஏன் நன்றாகிறது என்று நாங்கள் மூவரும் பேசாத நாள் இல்லை. தண்ணீர் அங்கனதான் மூச்சு விடுகிறது என்று பேச்சியம்மாள் ஒருநாள் சொன்னார். பாத்ததா நெனைச்சதா என்று ஐயா கேட்டார். காதால் கேட்டேன் என்றார் அவர். ஐயா சிலேட்டைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு பக்கத்திலும் எழுதாமல் கீழே வைத்தார்.

அலசும் வேலையில் கடைசியாக விடும் தண்ணீர் ஏறக்குறைய நல்ல தண்ணீர்தான். அதைத் தனியாகப் பிடித்து, ஏற்றம் போட்டு மேலே இறைத்து, மறுநாள் பல்ப்பருக்கே விட்டோம். அப்போது ஓடையிலிருந்து நாங்கள் எடுக்கும் தண்ணீரும் குறைந்தது, குழிக்கு வருவதும் குறைந்தது. இது ஐயாவின் யோசனை.

பங்குனியில் பேச்சியம்மாளின் புருஷன் வந்து சேர்ந்தார். காய்ச்சலில் எலும்பும் தோலுமாக, ஆனால் உயிரோடு. சேதி சொல்ல அந்த அம்மாளே மேலே வந்தார். சொல்லிவிட்டுக் குழிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மூன்றாம் பழக்காலத்தில் வந்ததுதான் சிக்கலான நாள். மார்கழியில் ஐந்தாறு நாள் விடாமல் சாரலும் குளிரும். குளிரில் தண்ணீர் புளிக்கவே மாட்டேன் என்றது. இரண்டு குழியும் நிறைந்து, ஆடை கட்டாமல், கலங்கலாகவே நின்றது. மூன்றாவது குழிக்குப் போன தண்ணீரும் கொழகொழப்போடு போய்ச் சுண்ணாம்பைத் தின்றுவிட்டுப் புளிப்பாகவே இருந்தது. பேச்சியம்மாள் பலகையைத் திறக்கவில்லை. குழிகள் தளும்பியதால் பல்ப்பரை நிறுத்தினேன். பழம் குவிந்துகொண்டே போனது. குவியலுக்குள் கையை விட்டால் சூடு. இன்னும் ஒரு நாள் கிடந்தால் கொட்டை கறுத்துவிடும். வெயில் இல்லாததால் பழத்தைத் தோலோடு காயப்போடவும் வழியில்லை.

சக்கரச் சத்தம் நின்றுபோனதைக் கேட்டுத் துரை பங்களாவிலிருந்து இறங்கி வந்தார். நெட்டையான மனிதர், தமிழ் நன்றாகவே பேசுவார். நிறுத்தியது யார் என்று கேட்டார். நான் என்றேன். திறக்காதது யார் என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் கண்டக்டர் ஐயா முன்னால் வந்து, நான் போட்ட ஆள் என்றார். திறக்கச் சொல் என்றார் துரை. ஐயா கையைக் கட்டிக்கொண்டு, மெதுவாக, என்றைக்கும் பேசும் அதே குரலில் சொன்னார்:

"அந்தம்மாகிட்ட பலகையக் குடுத்தப்ப, நானே கேட்டாலும் தெறக்க வேண்டாம்னு சொல்லித்தான் குடுத்தேன் துரை."

நான் பேச்சியம்மாளைப் பார்த்தேன். அவர் பலகையின் மேல் ஒரு காலை வைத்து உட்கார்ந்திருந்தார். சாரலில் நனைந்து உதடு வெளுத்திருந்தது. எழுந்து, மடியிலிருந்து சிவப்பு நூல் ஒன்றை எடுத்துத் துரையிடம் நீட்டினார். மூன்றாவது குழியைக் கையால் காட்டினார்.

துரை நூலை வாங்குவார் என்று நான் நினைக்கவில்லை. வாங்கினார். குழியோரம் குந்தி உட்கார்ந்து முக்கினார். இருபது எண்ண வேண்டும் என்று ஐயா சொன்னார். இரண்டு எண்ணுவதற்குள் மஞ்சளாகிவிட்டது. துரை அதையே உற்றுப் பார்த்தார். இன்னொரு நூல் கேட்டார். அதையும் முக்கினார். ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டார். எங்களுக்குத் தெரியாது என்றோம்.

"மூடியே இருக்கட்டும். ஆனா இந்தப் பழத்துக்கு என்ன செய்யறீங்க?" என்றார்.

பேச்சியம்மாள்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார். குளிர்காலத்தில் தயிர் உறையாவிட்டால் என்ன செய்வோம்? உறையைக் கூட ஊற்றி, கதகதப்பாக மூடி வைப்போம். இதற்கும் அப்படிச் செய்தால் என்ன?

அள்ளி எறிந்த பழைய ஆடை சரிவில் கும்பலாகக் கிடந்தது. அதை ஏழெட்டுக் கூடை அள்ளிக் குழியில் போட்டுக் கலக்கினோம். வெந்நீர் அண்டா இரண்டு காய்ச்சி ஊற்றினோம். மேலே மூங்கில் போட்டுப் புல்லை வேய்ந்தோம். துரை போகவில்லை, புல் சுமக்கும் ஆட்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். மறுநாள் காலை வரை பழம் அப்படியே கிடந்தது. அடிக் குவியல் கறுத்துத்தான் போயிற்று. விடிந்து புல்லைப் பிரித்தபோது ஓரத்தில் விரல் கனத்துக்கு ஆடை திரள ஆரம்பித்திருந்தது. உச்சிப்பொழுதுக்குள் குழி முழுக்க மூடிவிட்டது.

சுண்ணாம்பு முடிந்து, மூன்றாவது குழியில் பேச்சியம்மாள் இரண்டு நூலையும் முக்கினார். நாங்கள் எல்லோரும் சத்தமாக எண்ணினோம், துரையும்தான். இருபது வரை சிவப்பு சிவப்பாகவே இருந்தது, மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. பலகையைத் தூக்கினார்.

அடுத்த பழக்காலத்துக்கு முன் கண்டக்டர் ஐயாவை வேறு மலைத்தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். அன்றைக்கு அவர் சொன்ன வார்த்தைதான் காரணம் என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அதற்கு மேல் நிச்சயமாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. துரை எனக்கு எந்தத் தொந்தரவும் கொடுக்கவில்லை. பலகை பேச்சியம்மாள் கையில் இருந்ததையும் மாற்றவில்லை.

பலகை தூக்கியதற்கு மறுநாள் காலையில் பல்ப்பரை ஓட விட்டுவிட்டு, ஐயாவிடம் சொல்லிக்கொண்டு, நான் தண்ணீரோடு கீழே நடந்தேன். இத்தனை வருஷத்தில் அந்தத் தண்ணீர் எப்படிப் போகிறது என்று முழுவதும் கூடவே போய்ப் பார்த்ததில்லை. ஒரு காப்பி இலையைக் கிள்ளி மிதக்கவிட்டு அதன் பின்னாலேயே போனேன். பாறையில் விழும் இடத்தில் இலை தொலைந்துவிடும், இன்னொன்றைக் கிள்ளிப் போடுவேன். முதல் மடுவில் காப்பி வாசனை லேசாக இருந்தது. மூன்றாவது மடுவில் மூக்கை வைத்தால்தான் தெரிந்தது. அதற்குக் கீழே பக்கத்து மலையிலிருந்து ஓர் ஊற்று வந்து சேர்ந்த பிறகு எனக்குத் தெரியவில்லை. மழை விட்டிருந்தது. கல்லோடைப்பட்டி படித்துறைக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது.

துறையில் ஒரு பெண் குடத்தின் விளிம்பால் நுரையை ஒதுக்கிவிட்டுத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். அவரை எனக்குத் தெரியாது, என்னையும் அவருக்குத் தெரியாது. நான் குனிந்து குடத்தடியில் ஓடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு நிமிர்ந்தார்.

"என்னத்த அப்படிப் பாக்குறீக?"

தண்ணீரைத்தான் பார்க்கிறேன் என்றேன். அவர் திரும்பி ஓடையை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு இடுப்பில் குடத்தை ஏற்றிக்கொண்டு, எனக்கு மறைக்காமல் ஓர் எட்டு தள்ளி நின்றார்.